கூலிக் கணக்கில் கிடைத்த கோடைகள்

பிரான்சின் திஜோன் நகரில் வட்டார ரயில் ஏறினால் சுமார் இருபது நிமிடத்தில் போன் நகரில் இறங்கிவிடலாம். தெற்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கச் சன்னல் முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள்தாம். ஷம்பெர்த்தான், வூழோ, நுயி சேன் ஜார்ஜ் என்று பர்கண்டி ஒயினின் பெரும்பெயர்கள் எல்லாம் ஒரே சரிவில் அடுத்தடுத்து வருகின்றன. கிழக்கே இறங்கும் இந்தச் சுண்ணாம்புக்கல் மேட்டுக்குக் கோத் தோர் என்று பெயர். 2015-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது 1,247 ‘க்ளிமா’க்களைக் கணக்கில் எடுத்தது. மண்ணும் சரிவும் வெயிலும் பார்த்துப் பல நூற்றாண்டுகளாக எல்லை பிரித்துப் பெயரிட்ட தோட்டத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு க்ளிமா. திஜோனில் படிக்கும் மாணவர்கள் ஒரே நாளில் போய்வரும் ஊர் போன். மாணவப் பருவத்தில் நானும் அப்படித்தான் போனேன்.

போன் நகரில் எல்லோரும் முதலில் பார்ப்பது ஓத்தெல் தியூ. பர்கண்டிக் கோமகனின் தலைமை அமைச்சராக இருந்த நிக்கொலா ரொலேன் தன் மனைவி கிகோன் தெ சலேனுடன் சேர்ந்து 1443-ல் ஏழைகளுக்காக நிறுவிய மருத்துவமனை அது. வண்ண ஓடு வேய்ந்த அதன் கூரை புகழ்பெற்றது. அதற்குக் கொடையாக வந்த தோட்டங்களின் ஒயின் 1859 முதல் ஆண்டுதோறும் ஏலம் விடப்படுகிறது. அதைப் பார்த்துவிட்டு ஒரு நிலவறைக்குள் இறங்கியபோது, அங்கிருந்த தோட்டக்காரர் சொன்ன ஒரு செய்திதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தன் தாத்தா காலத்தில் செப்டம்பர் கடைசியில்தான் அறுவடை தொடங்குமாம். இப்போது ஆகஸ்டிலேயே கத்தரியைத் தீட்ட வேண்டியிருக்கிறதாம்.

அவர் சொன்னதை நம்பாமலிருக்கக் காரணம் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் நினைவு மூன்று தலைமுறைக்குமேல் நீள்வது அரிது. இந்தச் சரிவில் திராட்சை விளைவதோ இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். அறுவடை முந்துகிறது என்றால் எதைவிட முந்துகிறது? தாத்தாவின் காலம்தான் வழக்கமா, அல்லது அதுவே ஒரு விதிவிலக்கா? இதற்கு விடை சொல்லும் ஏடு எங்காவது இருக்கிறதா?

முதல் தடயம்: ஒரு நீண்ட பட்டியல்

ஏடு இருக்கிறது என்பது தேடத் தொடங்கியதுமே தெரிந்தது. 2004 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் இசபெல் ஷுயின் முதலானோர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பர்கண்டியின் அறுவடைத் தேதிகளை 1370 முதல் 2003 வரை வரிசைப்படுத்தி, அவற்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டின் வசந்த, கோடைக்கால வெப்பத்தைக் கணக்கிட்டிருந்தார்கள்.

இப்படிக் கணக்கிட முடிவதற்குக் காரணம் செடியின் இயல்பு. பர்கண்டியின் சிவப்புத் திராட்சையான பினோ நுவார் வசந்தத்தில் மொட்டு விடும். பெரும்பாலும் ஜூனில் பூக்கும். பூத்ததிலிருந்து குலை பறிக்க ஏறத்தாழ நூறு நாள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஏப்ரல் முதல் ஜூலை வரை வெயில் கூடினால் பூப்பதும் பழுப்பதும் முந்தும், குளிர்ந்தால் பிந்தும். எனவே பறிப்பின் முதல் நாள் எது என்று தெரிந்தால், அதற்கு முந்தைய மாதங்கள் சூடாக இருந்தனவா குளிர்ந்தனவா என்று ஊகிக்கலாம். அல்ஃப்ரெத் ஆங்கோ என்ற வானிலை ஆய்வாளர் 1880-களிலேயே பிரான்சு முழுவதிலிருந்தும் இத்தேதிகளைத் திரட்டியிருந்தார். வரலாற்றாசிரியர் எம்மானுவேல் லெ ரோய் லதூரி 1967-ல் வெளியிட்ட காலநிலை வரலாற்று நூலில் அவற்றை விரிவாகப் பயன்படுத்தினார்.

2004-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவுக்கு இரண்டு பக்கம் இருந்தது. 1990-களில் கண்ட அளவு வெப்பம் பர்கண்டியில் முன்பும் பலமுறை வந்திருக்கிறது. ஆனால் 2003-ஆம் ஆண்டுக் கோடைக்கு இணையாக எதுவும் இல்லை. தோட்டக்காரரின் சொல்லுக்கு இதுவே சான்று என்று அங்கேயே நின்றுவிட்டிருக்கலாம்.

நிற்க முடியவில்லை. 2007-ல் டக்ளஸ் கீனன் என்பவர் அந்தக் கட்டுரைக்கு ஒரு மறுப்பை வெளியிட்டார். அவரது வாதம் எளியது. 2003-ல் வெப்பமானி இருந்தது. அதன் அளவு நமக்குத் தெரியும். திராட்சைத் தேதியிலிருந்து கணக்கிட்ட வெப்பமோ அந்த அளவைவிடப் பெரிதும் கூடுதலாக வருகிறது. அளந்து சரிபார்க்க முடிந்த ஆண்டிலேயே கணக்கு இவ்வளவு விலகினால், அளக்க வழியில்லாத 1400-களைப் பற்றி அது சொல்வதை எப்படி ஏற்பது?

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தேதியை வெப்பமாக மாற்றும் கணித முறை சரியா என்பது ஒன்று. அந்தத் தேதிகளே சரியா என்பது மற்றொன்று. முதலாவது கணித அறிஞர்களின் வேலை. இரண்டாவது ஆவணக் காப்பகத்தின் வேலை. என் தேடல் இரண்டாவதன் பின்னே போயிற்று.

இரண்டாம் தடயம்: அச்சுக்கு முந்திய கை

ஆறு நூற்றாண்டுத் தேதிகளை ஒரே ஆய்வாளர் மூல ஏட்டிலிருந்து எழுதி எடுப்பது அரிது. பெரும்பாலும் ஒருவர் தொகுத்ததை இன்னொருவர் அச்சிடுவார். அதை மூன்றாமவர் எடுத்தாள்வார். திஜோன் நகரின் பழைய அறுவடைத் தேதிகளும் அப்படித்தான் 19-ஆம் நூற்றாண்டு அச்சுப் பட்டியல்கள் வழியாக 20-ஆம் நூற்றாண்டு ஆய்வுகளுக்கு வந்து சேர்ந்தன. படியெடுத்தவர் ஒரு ரோமன் எண்ணைத் தவறாக வாசித்தாலும், அச்சுக் கோத்தவர் ஒரு வரியைத் தாண்டினாலும், அந்தப் பிழை பின்னால் வந்த எல்லாரின் கணக்கிலும் ஏறும். கணினியில் போட்டுச் சராசரி எடுப்பதால் அது மறையாது.

இதைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. மூல ஏட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த வேலையை இரண்டு வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். தோமா லாபே, ஃபாபியான் கவோ ஆகிய இருவரும் திஜோன் தேதிகளை ஆவணங்களோடு ஒப்பிட்டுத் திருத்தி 2011-ல் வெளியிட்டார்கள். 2013-ல் அதேபோல் போன் நகருக்குத் தனியாக ஒரு வரிசை தந்தார்கள். லாபே அத்துடன் நிற்கவில்லை. சுவிட்சர்லாந்தின் காலநிலை வரலாற்றாசிரியர் கிறிஸ்தியான் ஃபிஸ்டர் முதலானோருடன் சேர்ந்து, போன் நகரின் வரிசையை 1354 வரை பின்னோக்கி நீட்டினார். அது 2019-ல் வெளிவந்தது. 664 ஆண்டுகள் நீளும் அந்த வரிசை, வெளிவந்தபோது உலகிலேயே மிக நீளமான திராட்சை அறுவடைத் தேதி வரிசையாக இருந்தது.

திஜோனை விட்டு ஏன் போன் நகருக்கு வர வேண்டும்? திஜோன் வளர்ந்தது; வீடுகளும் தொழிற்கூடங்களும் சுற்றியிருந்த தோட்டங்களை விழுங்கின. தோட்டம் மறைந்தபின் தேதியும் இல்லை. 14-ஆம் நூற்றாண்டையும் 21-ஆம் நூற்றாண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டுமானால், இன்றும் அதே சரிவில் அதே திராட்சை விளையும் ஊர் வேண்டும். போன் நகர் அப்படிப்பட்ட ஊர்.

மூன்றாம் தடயம்: எந்தத் ‘தேதி’?

பழைய பர்கண்டியில் யாரும் தம் விருப்பப்படி குலை பறித்துவிட முடியாது. ‘பான் தெ வாந்தாஞ்ஜ்’ என்றொரு அறிவிப்பு வர வேண்டும். இன்ன நாள் முதல் இன்ன எல்லைக்குள் பறிக்கலாம் என்று நகர நிர்வாகம் விடுக்கும் பொது ஆணை அது. அதற்கு முன் அனுபவம் மிக்க தோட்டக்காரர்கள் சரிவுகளைச் சுற்றி வந்து பழத்தின் பக்குவத்தைப் பார்த்துச் சொல்வார்கள். நகரசபை கூடி நாள் குறிக்கும். பிஞ்சைப் பறித்து மட்டமான ஒயின் செய்து ஊரின் பெயரைக் கெடுக்கக் கூடாது, பிறர் தோட்டத்தில் திருட்டு நடக்கக் கூடாது, தசமபாகம் வசூலிப்பவர் எல்லாத் தோட்டத்தையும் ஒருசேரக் கண்காணிக்க வேண்டும் என்று இதற்குப் பல நோக்கங்கள் இருந்தன.

ஆய்வாளனுக்கு இது அருமையான சான்று. பலர் கூடிப் பக்குவம் பார்த்து எடுத்த முடிவு. நகரசபை நடவடிக்கைக் குறிப்பில் நாளோடு பதிவாகியிருக்கிறது. ஆனால் ஐயம் இங்கேயும் உண்டு. ஆணை வெளியான நாளும் பறிப்பு தொடங்கிய நாளும் ஒன்றல்ல. நிலப்பிரபுவுக்கு மற்றவர்களைவிட ஒரு நாள் முன்னதாகப் பறிக்கும் சலுகை பல இடங்களில் இருந்தது. அருகருகே இருக்கும் ஊர்களுக்கு வேறுவேறு நாள் குறிப்பதும் வழக்கம். ஆக, ஒரு பட்டியலில் ‘அறுவடைத் தேதி’ என்று இருந்தால், அது எந்த எல்லையின் தேதி, யாருக்கான தேதி, ஆணையின் தேதியா பறிப்பின் தேதியா என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்கும் மேல், நகரசபைக் குறிப்புகள் எல்லா நூற்றாண்டுக்கும் தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை. 14, 15-ஆம் நூற்றாண்டுகளுக்கு வேறு ஏடு தேவைப்பட்டது.

நான்காம் தடயம்: கூலி

அந்த ஏடு ஒரு தேவாலயத்தில் உருவானது. போன் நகரின் நடுவே நிற்கும் நோத்ர் தாம், 12-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய கல்கோயில். அதை நிர்வகித்தது குருக்கள் குழு ஒன்று. அந்தக் குழுவுக்குச் சொந்தமாகத் தோட்டங்கள் இருந்தன. தோட்டம் இருந்தால் ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். கூலி கொடுத்தால் கணக்கு எழுத வேண்டும். பறிப்பவர்களுக்கும் கூடை சுமப்பவர்களுக்கும் நாட்கூலி கொடுத்த செலவு ஆண்டுதோறும் கணக்கேட்டில் ஏறியது. 2019-ஆம் ஆண்டு ஆய்வின் மிகப் பழைய பகுதி இந்தச் செலவுக் கணக்குகளின்மேல் நிற்கிறது.

இந்த வகை ஏட்டின் மதிப்பை நிதானமாக எடைபோட வேண்டும். துறவி எழுதிய நாளாகமத்தில் ‘இவ்வாண்டு கொடும் வெயில்’ என்றிருந்தால், எழுதியவரின் வியப்பும் பக்தியும் அச்சமும் அதில் கலந்திருக்கும். எந்த ஆண்டோடு ஒப்பிட்டுக் கொடும் வெயில் என்றார் என்பதும் தெரியாது. கணக்கேடு எழுதியவருக்கோ வானிலையைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. இன்ன நாள் இத்தனை பேர், ஆளுக்கு இவ்வளவு தெனியே என்று எழுதுகிறார். பன்னிரண்டு தெனியே ஒரு சூ. இருபது சூ ஒரு லிவ்ர். பணம் சரியாக இருக்கிறதா என்று தணிக்கை செய்பவர் பார்ப்பார். ஆகவே நாளைப் பொய்யாக எழுதி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நமக்கு வேண்டியதை அவர் சொல்ல முனையவில்லை என்பதுதான் அவர் சொல்லை நம்பக் காரணம்.

என்றாலும் கணக்கேடு தானாக நிறைவான சான்று ஆகிவிடாது. குருக்கள் குழுவின் தோட்டம் எந்தச் சரிவில் இருந்தது என்பதைப் பொறுத்து முதல் நாள் மாறும். நகரசபையின் அறிவிப்புத் தேதியும் தேவாலயத்தின் கூலித் தேதியும் இயல்பிலேயே வேறு வகை. இரண்டையும் ஒரே வரிசையாகக் கோக்கும் இடத்தில் தையல் தெரியத்தான் செய்யும். அதனால்தான் ஆய்வாளர்கள் கிடைத்த தேதிகளைச் சமகால விவரிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இயற்கையல்லாத காரணத்தால் நாள் மாறியிருக்கக்கூடிய ஆண்டுகளைத் தனியே அடையாளம் காண முயன்றார்கள்.

ஐந்தாம் தடயம்: நாட்காட்டியின் கண்ணிகள்

ஏட்டை வாசித்தாயிற்று, நாள் கிடைத்தாயிற்று என்று மூச்சுவிட முடியாது. இடைக்காலப் பிரான்சில் நாளைத் திருநாள் பெயரால் சொல்வதே பெருவழக்கு. திருச்சிலுவை மகிமை விழா என்றால் செப்டம்பர் 14. புனித மத்தேயு என்றால் செப்டம்பர் 21. அதிதூதர் மிக்கேல் என்றால் செப்டம்பர் 29. புனித ரெமி என்றால் அக்டோபர் 1. ‘மிக்கேல் திருநாளுக்குப் பிந்திய திங்கள்’ என்று இருந்தால், அந்த ஆண்டின் கிழமைகளைக் கணக்கிட்டால்தான் தேதி வரும்.

வந்த தேதியும் இன்றைய தேதி அல்ல. அது ஜூலியன் நாட்காட்டியைச் சேர்ந்தது. சூரியனின் ஆண்டோடு ஒப்பிட அது பின்தங்கிக்கொண்டே போனது. பிரான்சு 1582 டிசம்பரில் கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது, டிசம்பர் 9-க்கு அடுத்த நாள் டிசம்பர் 20 ஆயிற்று. அதற்கு முந்தைய தேதிகளைத் திருத்தும் அளவும் ஒரே சீராக இல்லை. 1354-க்கு எட்டு நாள் கூட்ட வேண்டும். 15-ஆம் நூற்றாண்டுக்கு ஒன்பது. 1500-க்குப் பின் பத்து. எடுத்துக்காட்டாக, 1450-ஆம் ஆண்டு ஏட்டில் மிக்கேல் திருநாள் என்று ஒரு நாள் இருந்தால் நம் கணக்கில் அது அக்டோபர் 8. திருத்தாமல் விட்டால், இடைக்கால அறுவடைகள் எல்லாம் உண்மையைவிட எட்டு, ஒன்பது நாள் முந்தியவையாகத் தெரியும். இடைக்காலம் உள்ளதைவிடச் சூடாகிவிடும்.

ஆண்டு எண்ணிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அங்கே புத்தாண்டு ஈஸ்டரில் பிறந்தது. செப்டம்பர் பறிப்பை இது பாதிக்காது. ஆனால் பறிப்புக் கூலியை ஜனவரி, பிப்ரவரியில் தீர்த்திருந்தால், அந்தக் கணக்கு பழைய ஆண்டின் எண்ணையே சுமந்திருக்கும். ஆண்டு எண்ணை மட்டும் பார்த்துப் படியெடுப்பவர் இங்கே தடுக்கி விழலாம்.

புரட்சிக் கால நாட்காட்டி இதைவிடச் சிக்கலானது. 1793 முதல் 1805 முடியும்வரை நடைமுறையில் இருந்த அதில் ஆண்டின் முதல் மாதமே திராட்சை அறுவடையின் பெயரைத் தாங்கியது: வாந்தெமியேர். அது செப்டம்பர் 22 அல்லது அதற்கடுத்த ஓரிரு நாளில் பிறக்கும். பர்கண்டியின் பறிப்பு தொடங்குவதும் அதே வாரத்தை ஒட்டித்தான். ஓர் ஆண்டு பறிப்பு செப்டம்பர் 25-ல் தொடங்கி, அடுத்த ஆண்டு 15-ல் தொடங்கினால், இரண்டும் ஒரே புரட்சி ஆண்டின் தலையிலும் வாலிலும் வந்து விழும். அந்த ஆண்டுக்கு இரண்டு அறுவடை, பக்கத்து ஆண்டுக்கு ஒன்றுமில்லை என்பதுபோல் ஏடு தோன்றும். மாதப் பெயரைக் கவனிக்காமல் ஆண்டு எண்ணை மட்டும் மாற்றியவர் ஓர் அறுவடையைத் தொலைத்துவிட முடியும்.

ஆறாம் தடயம்: வெயிலைத் தவிர வேறு யார்?

தேதி சரி என்றே கொள்வோம். அதை நகர்த்தியது வெயில்தானா?

முதல் சந்தேகம் திராட்சையின் மீது. 1395 ஜூலை 31-ல் பர்கண்டிக் கோமகன் துணிவுள்ள ஃபிலிப், கமே என்ற திராட்சை வகையைத் தோட்டங்களிலிருந்து பிடுங்கி எறியுமாறு ஆணையிட்டார். கமே மிகுதியாகக் காய்க்கும். பினோவைவிட முன்னதாகப் பழுக்கும். இந்த ஆணையைச் சிலர் பினோவின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. ஏட்டை வாசிப்பவருக்கு அது எதிர்ப்பக்கமும் பேசும். தடைசெய்ய வேண்டிய அளவுக்குக் கமே பரவியிருந்தது என்பதுதான் ஆணையிலிருந்து உறுதியாகத் தெரிவது. ஊர் முழுவதையும் ஒன்றாகக் கலந்த ஒரு தேதியைவிட, ஒரே உடைமையாளரின் தோட்டத்தைப் பல தலைமுறை பின்தொடரும் கணக்கேடு மேலானது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது சந்தேகம் போரின் மீது. 1636-ல் பேரரசுப் படை பர்கண்டிக்குள் புகுந்து சேன் ழான் தெ லோன் நகரை முற்றுகையிட்டது. படை நெருங்கும்போது பழுக்காத குலையையும் பறித்துவிடுவார்கள். ஆள் கிடைக்காவிட்டால் பழுத்த குலையும் செடியில் காத்திருக்கும். அப்படிப்பட்ட ஆண்டில் தேதி பேசுவது அச்சத்தைத்தான்.

மூன்றாவது சந்தேகம் சுவையின் மீது. இதுதான் எளிதில் தீராதது. மக்கள் வெளிறிய, இளம் ஒயினை விரும்பிய காலமும் உண்டு; அடர்ந்த நிறத்தையும் முதிர்ந்த சுவையையும் தேடிய காலமும் உண்டு. பின்னதற்காகக் குலையைக் கூடுதல் நாள் செடியில் விட்டுவைப்பார்கள். லெ ரோய் லதூரி இதைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தார். ஆண்டுக்கு ஆண்டு ஏற்படும் ஏற்ற இறக்கத்தை வானிலையின் குரலாகக் கொள்ளலாம். நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல நகரும் போக்கிலோ மனிதரின் விருப்பம் கலந்திருக்கக்கூடும் என்றார்.

நான்காவது சட்டம். 1791-ஆம் ஆண்டு கிராமப்புறச் சட்டம் அவரவர் விரும்பிய நாளில் பறிக்கலாம் என்றது. மதில் எழுப்பாத தோட்டங்களுக்கு மட்டும், வழக்கம் இருந்த ஊர்களில், உள்ளாட்சி நாள் குறிக்க இடம் தந்தது. கட்டாய ஆணை இப்படித் தளர்ந்த பின் பறிப்பு தொடங்கியதைச் செய்தித்தாளிலிருந்தும் தேட வேண்டியதாயிற்று. ஏடு மறுபடி கைமாறியது.

ஏழாம் தடயம்: வெளியாரின் சாட்சி

இத்தனை ஐயங்களையும் திராட்சை ஏட்டுக்குள்ளிருந்தே தீர்க்க முடியாது. அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத சாட்சி வேண்டும். அப்படி ஒன்று பாரிசில் இருக்கிறது. இஸ்மாயேல் பூலியோ என்ற வானியலாளர் 1658 முதல் 1660 வரை அங்கே வெப்பமானியின் அளவுகளைக் குறித்துவைத்தார். அங்கிருந்து தொடங்கி, பின்வந்த பலரின் குறிப்புகளை இணைத்து, 1659 முதலான பாரிஸ் வெப்ப வரிசையை ஆய்வாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். போன் நகரின் தேதிகளை அதனோடு ஒப்பிட்டார்கள். மர வளையங்களோடும், 1500 முதலான மத்திய ஐரோப்பிய வெப்ப வரிசையோடும் ஒப்பிட்டார்கள். கூலிக் கணக்கு எழுதியவரும், வெப்பமானி பார்த்தவரும், காட்டில் வளர்ந்த மரமும் ஒருவரையொருவர் அறியார். மூன்று சாட்சிகளும் ஒத்துப்போயின.

எல்லா ஆண்டும் துல்லியமாக ஒத்துப்போகவில்லை, போகவும் போகாது. ஆனால் வரிசை முழுவதையும் நிராகரிக்கும் அளவுக்கு இருந்த ஐயம் இங்கே கரைகிறது. கீனன் எழுப்பிய கணக்கு முறைக் கேள்விக்கும் இதன் அமைப்பிலேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. போன் வரிசையின் தலையாய முடிவுகள், தேதியை வெப்ப அளவாக மாற்றுவதை நம்பி நிற்கவில்லை. தேதியைத் தேதியோடுதான் ஒப்பிடுகின்றன.

ஏடு சொல்லும் தீர்ப்பு

1354 முதல் 1987 வரை, போன் நகரில் பறிப்பு சராசரியாகச் செப்டம்பர் 28-ல் தொடங்கியது. 1988 முதல் 2018 வரை அது 13 நாள் முந்திவிட்டது. கொள்ளைநோயும் போரும் புரட்சியும், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோட்டங்களை வேரோடு அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சியும், பிறகு அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி எல்லாவற்றையும் மறுநடவு செய்ததும் என்று இடையில் எத்தனையோ நடந்தன. இவற்றில் எதுவும் செய்யாத பிளவை 1988 செய்தது.

இந்தச் சராசரியைவிட எனக்குப் பாடம் கற்பித்தவை மிக முந்திய அறுவடைகள். வரிசையில் மிக முந்திய ஐந்து விழுக்காட்டைத் தனியே எடுத்தால், 1393 முதல் 1719 வரை அப்படி 21 ஆண்டுகள் இருக்கின்றன. 1720 முதல் 2002 வரை வெறும் 5. அதன்பின் 2003 முதல் 2018 வரையான 16 ஆண்டுகளில் 8.

இந்த மூன்று எண்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். முதல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘பழங்காலத்திலும் கொடுங்கோடைகள் வந்தன, இன்றைய வெயிலில் புதுமை இல்லை’ என்று ஒருவர் வாதிடலாம். வந்தது உண்மை. ஆனால் அந்த 21-ம் 327 ஆண்டுகளில் சிதறிக் கிடக்கின்றன. சராசரியாகப் பதினைந்து, பதினாறு ஆண்டுக்கு ஒன்று. இன்றோ இரண்டு ஆண்டுக்கு ஒன்று. அன்று விலகலாக இருந்தது இன்று வழக்கமாகிவிட்டது என்பதே ஆய்வின் முடிவு.

நடு எண் நிலவறைத் தோட்டக்காரருக்கு விடை சொல்கிறது. அவருடைய தந்தை, தாத்தா, பூட்டனார் எல்லாரும் வேலை செய்தது 283 ஆண்டுகளில் ஐந்தே முறை அறுவடை மிக முந்திய அந்த நீண்ட இடைவெளிக்குள்தான். ‘இப்படி நடந்ததே இல்லை’ என்ற குடும்ப நினைவு அந்த இடைவெளியில் உருவானது. நினைவு பொய் சொல்லவில்லை. அதன் கை அவ்வளவு தூரம்தான் எட்டும். அது எட்டாத காலத்திலும் அவர் சொன்னதன் சாரம் மாறவில்லை என்பதை 14-ஆம் நூற்றாண்டுக் கூலிக் கணக்கு காட்டுகிறது.

சுவை மாற்றத்தின் ஐயம் என்ன ஆயிற்று? 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் முந்திய அறுவடை குறைந்ததில், முதிர்ந்த பழத்தைத் தேடிய பழக்கத்துக்குப் பங்கு இருக்கலாம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் 1988-க்குப் பிந்திய பாய்ச்சலை அதைக்கொண்டு விளக்க முடியாது. 1659 முதல் 2018 வரையான பாரிஸ் வெப்ப அளவுகளில் ஏப்ரல் முதல் ஜூலை வரையான வெப்பம் உச்சம் தொட்டது 2018-ல். குலை முந்திப் பழுத்தது. வெப்பமானியும் அதையே சொன்னது.

வரிசை 2018-ல் முடிகிறது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளைக் கொண்டு அதைச் சோதித்துப் பார்க்கலாம். 2020-ல் பர்கண்டியின் பல தோட்டங்களில் ஆகஸ்டிலேயே பறிப்பு தொடங்கியது. வரிசை காட்டிய போக்குக்கு அது பொருந்துகிறது. 2021 அதைவிடக் கூர்மையான சோதனை. அந்த ஏப்ரலில் பர்கண்டியைக் கடும் உறைபனி தாக்கித் தளிர்களைக் கருக்கியது. கோடையும் மழையும் குளிருமாகவே போனது. பறிப்பு பெரும்பாலும் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிப்போனது. ‘பழைய காலம்போல் தாமதமான அறுவடை’ என்று எண்ணத் தோன்றும் ஆண்டு அது. உறைபனியால் விளைச்சல் குறைந்து, மிஞ்சிய குலைகள் சற்று விரைவாகப் பழுத்திருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்படியும், நம் காலத்தில் தாமதம் என்று நாம் நினைக்கும் ஓர் ஆண்டு, 1354 முதல் 1987 வரை வழக்கமாக இருந்த செப்டம்பர் 28-ஐவிட ஒரு வாரம் முந்தியது. குளிர்ந்த ஆண்டு என்று நாம் சொல்வதன் பொருளே இடம்பெயர்ந்திருக்கிறது. தம் வாழ்நாளை மட்டும் அளவுகோலாகக் கொண்டவர் இதைக் காண முடியாது, ஏடு வேண்டும்.

திராட்சை ஏட்டின் வரலாற்றில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது அது திருத்தப்பட்ட விதம். முதல் பட்டியலில் பிழை இருந்ததைக் காட்டி முயற்சி முழுவதையும் தள்ளிவிட்டிருக்கலாம். பிழையை மூடி மறைத்திருக்கவும் கூடும். வரலாற்றாசிரியர்கள் இரண்டையும் செய்யவில்லை. காப்பகத்துக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு திருநாளையும் தேதியாக்கி, ஒவ்வொரு தேதிக்கும் நாள் கூட்டி, வரிக்கு வரி மறுபடி எழுதினார்கள். அப்படித் திருத்தியபின் கிடைத்த முடிவு முன்னதைவிடத் தெளிவாக இருந்தது. போன் நகருக்கு ஒரு நாள் போய்வரும் மாணவர்கள் ஓத்தெல் தியூவின் கூரையைப் பார்த்துவிட்டு, சில தெருக்கள் தள்ளியிருக்கும் நோத்ர் தாமுக்கும் போக வேண்டும். ஐரோப்பாவின் காலநிலையைப் பற்றி இன்று நமக்கிருக்கும் மிக நீண்ட சாட்சிகளுள் ஒன்று, அந்தக் கோயிலின் தோட்டத்தில் குனிந்து குலை பறித்த பெயர் தெரியாத கூலியாட்களால் கிடைத்தது. அவர்களுக்குக் கொடுத்த சில தெனியேக்களை யாரோ ஒருவர் நாளோடு எழுதிவைத்ததால்தான், இன்றைய கோடையை நம்மால் அளந்து பார்க்க முடிகிறது.